பாரம் கேட்ட பிக்கப்: தலைமன்னார்க் கரையிலிருந்து அடம்பன் வரை

மன்னாருக்குப் போகிறவர்கள் கோட்டையையும் பானைபோல் பருத்த பெருக்க மரத்தையும் பார்க்கப் போகிறார்கள். நான் கடந்த ஆவணியில் ஆறு நாட்கள் அங்கே இருந்தேன். ஒரே வீதியில், ஒரே பிக்கப்பில், போவதும் வருவதுமாக ஓடினேன். கோட்டையைப் பத்துத் தடவை கடந்தேன். ஒரு தடவையும் இறங்கவில்லை. ஆகவே கோட்டையைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள் வேறு யாருடைய பதிவையாவது படியுங்கள். பாரம் ஏற்றவென்று செய்த பிக்கப் ஒன்றை மனிதர் இருந்து போகக்கூடியதாக மாற்ற நினைப்பவர்கள் மட்டும் தொடர்ந்து வாசிக்கலாம். அவர்களுக்கு என் அனுதாபங்கள்.

காரணம் இதுதான். என் மனைவி அருள்மலரின் அண்ணன் சூசை, தலைமன்னார் வீதியில் கடற்கரையோரக் கிராமம் ஒன்றில் இருக்கிறார். முப்பது வருடம் கடலில் தொழில் செய்தவர். கடலில் அவருக்கு ஒன்றும் நேரவில்லை. மூன்று மாதங்களுக்கு முன் தன்னுடைய பிக்கப்பின் பின்பெட்டியில் ஐஸ் ஏற்றும்போது வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். சத்திரசிகிச்சை முடிந்து, நாலு கால் ஊன்றியைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தார். அந்த நேரத்தில் மகள் ஜெனிற்றாவின் கல்யாணம் சனிக்கிழமை காலையென்று நிச்சயமானது. ஊரிலுள்ள வேதக் கோயிலில் கூரை வேலை நடந்துகொண்டிருந்தது. பீடத்துக்கு மேலே ஆகாயம் தெரிந்தது. அதனால் கல்யாணம் மாப்பிள்ளையின் கோயிலில். அது அடம்பனுக்கும் அப்பால், வாய்க்கால் வீதியில் நாலு கிலோமீட்டர் உள்ளே. வீட்டு வாசலிலிருந்து கோயில் வாசல்வரை 40.2 கிலோமீட்டர்.

மகளைக் கையில் பிடித்துப் பீடம்வரை நடத்திக்கொண்டு போவது தகப்பன். சூசை அதைச் செய்யத்தான் போகிறார். அதில் யாரும் வாய் திறக்க இடமில்லை. டொக்டர் மட்டும் வாய் திறந்தார். தாழ்ந்த சீற்றில் இருக்கக்கூடாது, இடுப்பை மடிக்கக்கூடாது, ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து இருக்கக்கூடாது, முக்கியமாகக் குலுங்கக்கூடாது. குலுங்கினால் மறுபடியும் கத்தி. வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்ல வாகனம் கிடைக்காவிட்டால் பயணம் வேண்டாம் என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்.

கார் எல்லாம் தாழ்வு. வான் வண்டியில் ஏற இடுப்பை மடிக்க வேண்டும். அம்புலன்ஸ் பிடிக்கலாம் என்று நான் சொன்னேன்.

“படுத்துக்கொண்டு போய் பிள்ளையைக் கைபிடிச்சுக் குடுக்கிறதோ?” என்றார் சூசை. “மச்சான், நான் இன்னும் சாகேல்லை.”

மிஞ்சியது அவரைத் தள்ளி விழுத்திய அதே பிக்கப். அதன் சீற்று சரியாக அவருடைய இடுப்பு உயரம். முதுகைக் காட்டி நின்று, பின்னுக்குச் சாய்ந்து அமர்ந்து, காலை உள்ளே எடுத்தால் போதும். இரண்டு வரிசைச் சீற்றில் நாலு பேர் இருக்கக்கூடிய முன்பகுதி. எல்லா விதத்திலும் பொருத்தமான வாகனம், ஓடத் தொடங்கும்வரை.

அந்தப் பிக்கப்பை ஓட்டிப் பார்க்காதவர்களுக்கு விளக்க வேண்டும். பின் அச்சுக்கு மேலே வளைந்த இரும்புத் தகடுகளை அடுக்கி ஸ்பிரிங்காகப் போட்டிருப்பார்கள். பாரம் ஏறினால் தகடுகள் வளைந்து கொடுக்கும். வெறும் வண்டியென்றால் அவை வளையாது. வீதியில் உள்ள ஒவ்வொரு கல்லையும் உங்களிடம் நேரடியாக ஒப்படைக்கும். கொம்பனி போட்ட தகடுகள் காணாதென்று சூசை ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு தகடு மேலதிகமாகப் போட்டிருந்தார். ஒன்றரைத் தொன் ஐஸ் ஏற்றினாலும் வண்டி பதியாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். இப்போது அவரே அந்தச் சாதனையில் அமர வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை 7.10க்கு முதல் பரிசோதனை. நானும் அருள்மலரும். சூசையை ஏற்றிப் பரிசோதிக்க முடியாது என்பதால் அவருடைய தங்கையை ஏற்றினேன். கடலோரக் காற்றாலைகள், உப்பளம் என்று பார்த்துக்கொண்டு போகிற வீதி அது. நாங்கள் பார்க்கவில்லை. அருள் செபமாலையோடு இருந்தாள். வண்டி ஒவ்வொரு தடவை தூக்கிப் போடும்போதும் மந்திரத்தின் நடுவில் “யேசுவே!” என்றாள். டவுனுக்குள் வருவதற்கு முன்பே இதைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குக் கிடைக்காது என்று புரிந்துவிட்டது. கியருக்குப் பக்கத்தில் இரண்டு கிண்ணக்குழிகள் உண்டு. இடப்பக்கக் குழியில் கோதோடு வறுத்த கச்சான்கடலையைக் கொட்டினேன். ஒரு யேசுவேக்கு ஒரு கச்சானை வலப்பக்கக் குழிக்கு மாற்றினேன்.

“என்ன செய்யிறியள்?”

“கணக்கு.”

“நான் செபம் சொல்லுறன், நீங்கள் கச்சான் எண்ணுறியளோ? கடவுளுக்கே பொறுக்காது.”

கோயில் வாசலில் கணக்கு ஐம்பத்தெட்டு. தீவைத் தரையோடு இணைக்கிற பாலத்தில் தென்மேற்குச் சோளகக் காற்று பக்கவாட்டில் அடித்ததற்கு மூன்று. அதைக் கழித்தாலும் ஐம்பத்தைந்து. நேரம் ஒரு மணியும் ஐந்து நிமிடமும்.

திரும்பும்போது அடம்பன் சந்தியில் ரயர் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் பின் ரயரைக் கையால் தட்டிப் பார்த்தார். பிறகு காற்றழுத்தமானியை வைத்தார். அறுபத்தைந்து.

“ஐயா, ஐஸ் இல்லாமல் ஐஸுக்குரிய காத்தோடை ஓடுறியள்.”

“எவ்வளவுக்கு இறக்கலாம்?”

“முப்பத்தெட்டு. அதுக்குக் கீழை வேண்டாம், றிம் தட்டும். பாரம் ஏத்தினா நாப்பத்தைஞ்சு.”

நூறு ரூபா. ஆறு நாள் பயணத்தில் நான் கொடுத்த ஒரேயொரு நியாயமான காசு அதுதான். திரும்பி வரும் வழியில் கணக்கு நாற்பத்துநாலு.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் முன்னேற்றம் மனிதனை முட்டாளாக்கும். டவுனில் உதிரிப்பாகக் கடை ஒன்றில் ஏறி, வண்டி குதிக்கிறது என்று சொன்னேன். கடைக்காரர் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. “ஷொக் அப்சோபர் போயிட்டுது.” வண்டியைப் பார்க்க வெளியே வரவும் இல்லை. இரண்டு பின் ஷொக், 38,000 ரூபா, பூட்டுக்கூலி 3,500. பெட்டியில் பெரிய எழுத்தில் ‘பாரவேலைக்கு உகந்தது’ என்றிருந்தது. எனக்கு அதுவே நம்பிக்கை தந்தது. பாரவேலைக்கு உகந்ததால்தான் இந்த வண்டியால் வருத்தம் என்பதை, அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே மறந்துபோனேன். பழைய ஷொக் இரண்டையும் பின்பெட்டியில் எறிந்தார்கள்.

புதன்கிழமை காலை அருள் ஏறினாள். கோயில் வாசலில் கணக்கு அறுபத்துமூன்று. கடைசி மூன்று கிலோமீட்டருக்கு அவள் செபத்தையே நிறுத்திவிட்டு யேசுவே மட்டும் சொன்னாள்.

இடையில் எல்லோரும் யோசனை சொன்னார்கள். ஆறு அங்குல ஸ்பொஞ் போடச் சொன்னார் ஒருவர். போட்டேன். மெத்தையிலிருந்து எழும்பிக் கூரையில் முட்டினேன். தாழ்ந்து புதைகிற சீற்று கூடாது என்று டொக்டர் சொன்னதும் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. இன்னொருவர், மெதுவாக ஓடச் சொன்னார். மணிக்கு இருபதில் ஓடினால் இரண்டு மணித்தியாலம். ஒன்றேகால் மணித்தியாலத்தில் சூசையை இறக்க வேண்டும். எங்கே இறக்குவது? உப்பளத்திலா?

அடம்பனிலிருந்து கட்டுக்கரைக் குளத்துப் பக்கமாக நானாட்டானுக்கு 24 கிலோமீட்டர். அங்கே ஸ்பிரிங் வேலை தெரிந்த ஒருவர் இருப்பதாக ரயர் கடைக்காரர் சொல்லியிருந்தார். புதன்கிழமையே போனேன். குளத்தில் தண்ணீர் குறைந்து நடுவில் மாடுகள் நின்றன. நானாட்டானில் உழவு இயந்திரங்களுக்கு நடுவே தகரக் கொட்டகை. கணேசன் என்று பெயர். தமிழ்நாட்டில் அகதி முகாமில் பதினெட்டு வருடம் இருந்து, அங்கே லொறிப் பட்டறையில் தொழில் பழகித் திரும்பி வந்தவர். வண்டிக்குக் கீழே ஐந்து நிமிடம் படுத்துக் கிடந்துவிட்டு, எழும்பாமலே பேசினார்.

“இந்த ஷொக்கைப் பூட்டினது ஆர் சார்?”

“நான் வாங்கினது.”

“பழசு எங்கை?”

“பின்னாலை கிடக்குது.”

“அதிலை எண்ணெய் கசியேல்லை. நல்லாத்தான் இருக்கு. திருப்பிப் பூட்டுறன். உந்தப் புதுசை வீட்டிலை கதவுக்கு முட்டுக் குடுக்க வைச்சிருங்கோ.”

பிறகு தகடுகளைச் சுத்தியலால் தட்டிக் காட்டினார். மேலதிகமான நாலையும் கழற்றினால் ஒன்றரை மணித்தியால வேலை, 6,000 ரூபா, வண்டி மனிதர் போகக்கூடியதாகிவிடும். சூசையின் வண்டி என்பதால் அவருக்குப் போன் எடுத்தேன்.

“தகட்டிலை கை வைக்காதையுங்கோ, மச்சான்.”

“கல்யாணம் முடிய திருப்பிப் போடுவம்.”

“கழட்டின தகடு திரும்ப ஏறாது. எனக்குத் தெரியும். ஷொக்கை மாத்துங்கோ, சீற்றை மாத்துங்கோ, ஓடுறவனை மாத்துங்கோ. தகடு கிடக்கட்டும்.”

அரை மணித்தியாலம் வாதாடினேன். போனை அவர் மனைவி ரெஜினாவிடம் கொடுத்துவிட்டார். ரெஜினாக்கா முற்றத்துக்கு வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“தம்பி, விடுங்கோ. அவர் திரும்பத் தொழிலுக்குப் போவன் எண்டு இருக்கிறார். தகட்டைக் கழட்டினா இனி ஐஸ் ஏத்தமாட்டன் எண்டு அவரே சொன்ன மாதிரி. அதை அவர் சொல்லமாட்டார்.”

நான் கணேசனிடம் திரும்பி, தகடு கழற்ற வேண்டாம், வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த மரியாதைக்கு நன்றி.

“வேறை வழி இருக்கு, சார். இந்த வண்டி பாரத்துக்குக் காத்துக்கொண்டு நிக்குது. நீங்கள் ரெண்டு பேர் ஏறினது அதுக்குத் தெரியவே தெரியாது. அது கேக்கிறதைக் குடுங்கோ. ஐஞ்ஞூறு கிலோ. வாலிலை வைக்காதையுங்கோ, முன்சில்லு தூக்கும். அச்சுக்கு மேலை, கொஞ்சம் முன்னுக்கு. இறுக்கிக் கட்டுங்கோ.”

ஆக, பிக்கப்பைச் சுகமாக்கப் புதிதாக ஒன்றும் பூட்ட வேண்டியதில்லை. அரைத் தொன் தேவை. பயணக் குறிப்புகளில் இப்படியொரு வரி எழுத வேண்டிவரும் என்று நான் எண்ணியதில்லை: மன்னார்த் தீவில் அரைத் தொன் பாரம் எங்கே கிடைக்கும்?

மணல் கிடைக்கும். தீவே மணல்தான். வியாழக்கிழமை காலை உரப்பை பன்னிரண்டில் நாற்பது நாற்பது கிலோவாக மணலை நிரப்பி, கணேசன் சொன்ன இடத்தில் அடுக்கிக் கட்டி, 9.20க்குப் புறப்பட்டோம். வண்டி வேறு வண்டியாகிவிட்டது. பாலம் முடியும்வரை கணக்கு மூன்று. அதிலும் ஒன்று நடுவீதியில் படுத்திருந்த கழுதைக்கு. அருள் செபமாலையில் இரண்டு பத்து மணிகளைத் தவறவிடாமல் சொன்னாள். நான் கிட்டத்தட்டப் பாடினேன்.

பாலத்துக்கு அப்பால் பொலிஸ் சோதனைச் சாவடி. சார்ஜன்ட் ஒருவர் கையைக் காட்டினார். பையைக் குத்திப் பார்த்தார்.

“மண்.”

“ஓம் ஐயா.”

“பர்மிட்?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த நாட்டில் மணல் ஏற்ற அனுமதிப்பத்திரம் வேண்டும். பத்திரிகையில் மணற்கொள்ளை பற்றிக் கோபமாக வாசிக்கிற ஆள் நான்.

“எங்கே கொண்டு போறது?” நல்ல தமிழ்தான். கொஞ்சம் சிங்கள வாடை.

“எங்கையும் இல்லை ஐயா. அடம்பனுக்குப் போய்த் திரும்ப வீட்டுக்குக் கொண்டு வாறது.”

“அங்கே யாருக்குக் குடுக்கிறது?”

“ஆருக்கும் இல்லை.”

“அப்ப ஏன் கொண்டு போறது?”

“வண்டி குதிக்காமல் இருக்க.”

அவர் உள்ளேயிருந்த இன்னொருவரைக் கூப்பிட்டு, “இவர் சொல்றதைக் கேளு,” என்றார். நான் திரும்பச் சொன்னேன். இடுப்பு, கல்யாணம், தகடு, கணேசன் எல்லாம் சொன்னேன். அருள் நடுவே தலையிட்டு, யேசுவேக் கணக்கையும் சொல்லிக் கச்சானைக் காட்டினாள்.

“நான் இருபத்திரண்டு வருசம் பொலிஸ்,” என்றார் சார்ஜன்ட். “கோழிக்கூடு கட்ட மண் கொண்டு போறது கேட்டிருக்கிறேன், கல்லறை கட்டக் கொண்டு போறது கேட்டிருக்கிறேன். இது முதல் தடவை.” ஒரு கச்சானை எடுத்து உடைத்தார். “நம்புறேன். இப்படிப் பொய் சொல்ல ஒருத்தராலும் ஏலாது. ஆனா மண் எடுத்த இடத்துக்கே போகணும்.”

வழக்கு எழுதவில்லை. அது பெருந்தன்மை. எடுத்த இடத்திலேயே கொட்டினோம். பன்னிரண்டு பையையும் நான்தான் கொட்டினேன். அதற்குப் பிறகு என் முதுகும் இந்தக் கதையில் ஒரு பாத்திரமானது.

வெள்ளிக்கிழமை ஐஸ். சூசையின் யோசனை. “வண்டி ஐஸுக்குப் பழகினது. ஐஸைக் குடுங்கோ, பேசாமல் போகும்.” கட்டி ஐஸ் அன்று கிடைக்கவில்லை. உடைத்த ஐஸ் ஐந்நூறு கிலோ, படங்குத் தார்ப்பாயால் மூடி, 12.15க்குப் புறப்பட்டோம். கல்யாணப் பலகாரப் பெட்டிகளையும் மாப்பிள்ளை வீட்டில் கொடுத்துவிட்டு வரலாம் என்று அருள் சொன்னாள். போகும்போது கணக்கு ஒன்பது. நான் வெற்றியடைந்துவிட்டேன் என்று நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர் சாப்பிடாமல் விடமாட்டோம் என்றார்கள். ஆட்டிறைச்சிக் கறி, இரண்டு மணியும் இருபது நிமிடமும். வெளியே வெயில் முப்பத்தாறு பாகை.

நாங்கள் கைகழுவி வெளியே வந்தபோது, மாப்பிள்ளையின் தகப்பன் பிலிப்பு பிக்கப்புக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயல்காரர். அந்த மாதத்தில் வாய்க்கால் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. எங்கள் வண்டியிலிருந்து ஓடிய தண்ணீர் முற்றத்தைத் தாண்டி வாய்க்காலுக்குள் இறங்கியிருந்தது.

“சம்பந்தி வீட்டார் பரவாயில்லை,” என்றார் பிலிப்பு. “குளத்திலை தண்ணி திறந்து விடமாட்டினம் எண்டு நீர்ப்பாசனக் கந்தோருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறன். நீங்கள் மன்னாரிலை இருந்து கொண்டந்திருக்கிறியள்.”

வரும்போது கணக்கு முப்பத்தேழு. வண்டியில் எஞ்சியது பாதிப் பாரமும் நிறையத் தண்ணீரும். தண்ணீர் ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னுக்கு ஓடி வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் தகட்டில் மோதியது. சூசை கல்யாணத்துக்குப் போவதோடு முடியாது, திரும்பியும் வர வேண்டும் என்பதை ஐஸ் எங்களுக்கு ஞாபகப்படுத்தியது.

மாலை 4.50க்கு வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தினேன். சூசை செங்கல் வைத்து உயர்த்திய கதிரையில் இருந்தார். மடியில் டொக்டரின் கடதாசி. பின்பெட்டியிலிருந்து ஒழுகிய தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னது.

“நான் ஏறுவன்,” என்றார் அவர். “குதிச்சாலும் ஏறுவன்.”

“ஏறி? மகளைக் கைபிடிச்சுக் குடுத்துப்போட்டு நேரை ஆசுப்பத்திரிக்கோ?” என்றார் ரெஜினாக்கா.

“ஓம். பிறகு என்ன செய்தாலும் செய்யட்டும்.”

“அண்ணை, விசர்க்கதை கதைக்காதையுங்கோ,” என்றாள் அருள். “அவளுக்குக் கலியாணப் புகைப்படத்திலை அப்பா வேணுமா, ஆசுப்பத்திரியிலை அப்பா வேணுமா?”

ரெஜினாக்கா வீட்டுக்குள் போகத் திரும்பினார். வாசலில் வழக்கம்போல வலைக்குவியல் காலில் தடக்கியது. சூசை விழுந்த நாளிலிருந்து அது அங்கேதான். மற்ற வள்ளங்கள் எல்லாம் போய்வந்துகொண்டிருக்க, யாரும் அதைத் தொட அவர் விடவில்லை. வீட்டுக்குள் போகிறவர்கள் எல்லோரும் மூன்று மாதமாக அதைச் சுற்றி நடந்தார்கள். நானும் அந்த வாரம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சுற்றி நடந்திருப்பேன், பாரம் தேடிப் போகும்போதும், பாரம் கிடைக்காமல் வரும்போதும்.

ரெஜினாக்கா அதைக் காலால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

“உது என்ன பாரம் வரும்?”

“எது?”

“உதுதான். வாசலை அடைச்சுக்கொண்டு கிடக்கிறது.”

சூசை கதிரையிலிருந்து எட்டிப் பார்த்தார். தொழில்காரருக்குக் கணக்குக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. “நாப்பது துண்டு. ஈயத்தோடை ஒரு துண்டு பன்ரண்டு கிலோ.”

நானூற்றெண்பது. கரையாது. ஓடாது. அனுமதிப்பத்திரம் தேவையில்லை. நாங்கள் நாலு நாள் மாவட்டம் முழுக்கத் தேடிய சாமான் வாசலிலேயே கிடந்தது. கடற்கரையில் வலையை யாரும் பாரமென்று நினைப்பதில்லை. பாரம் என்றால் அவர்களுக்கு அதற்குள் அகப்படுவதுதான்.

“கலியாண வீட்டுக்கு வலையைக் கொண்டு போறதோ?” என்றார் சூசை. “மணக்கும்.”

“உங்களையும் கொண்டுதானே போறம்,” என்றார் ரெஜினாக்கா.

அவருடைய வள்ளத்தில் தொழில் செய்கிற இருவரைக் கூப்பிட்டோம். அவர்கள் ஒரு துண்டைத் தூக்கிப் பின்பெட்டியில் எறிந்ததும் கதிரையிலிருந்து சத்தம் வந்தது. “எறியாதை! ஈயப் பக்கம் முன்னுக்கு. மற்றது மேலை. அந்தோனி, உன்ரை கலியாணமோ, எங்கை பாக்கிறாய்?” அந்தோனி சிரித்துக்கொண்டே, “சரி சம்மாட்டி,” என்றார். வள்ளத்து முதலாளியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த வாரம் முழுக்கச் சூசை யாருக்கும் கட்டளையிட்டு நான் கேட்டதில்லை. 6.15க்கு எல்லாம் கட்டி முடிந்தது. கணேசன் சொன்ன இடத்திலேயே, அச்சுக்குச் சற்று முன்னால். ரயருக்கு நாற்பத்தைந்து காற்று. வண்டியின் வால் இரண்டு அங்குலம் பதிந்தது. சூசை அதைப் பார்த்துவிட்டு டொக்டரின் கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

சனிக்கிழமை 7.40. முன்சீற்றில் சூசை, பட்டு வேட்டியோடு. பின்சீற்றில் ரெஜினாக்காவும் அருளும். ஜெனிற்றாவும் தோழிகளும் அலங்கரித்த வாடகைக் காரில் எங்களுக்கு முன்னே போனார்கள். நான் நாற்பதைத் தாண்டவில்லை. உப்பளம், டவுன், கோட்டை. பாலத்தில் காற்று அடித்தது, வண்டி அசையவில்லை. சோதனைச் சாவடியில் அதே சார்ஜன்ட் நின்றார். பின்பெட்டியைப் பார்த்தார், சூசையைப் பார்த்தார், தலையை ஆட்டி எங்களைப் போகச் சொன்னார். அடம்பன்வரை கணக்கு பூச்சியம்.

இனி வாய்க்கால் வீதி. அதில் ஓர் இடத்தில் மதகு உடைந்து அரை அடி பள்ளம். முந்திய நாட்களில் அருள் மிகச் சத்தமாகச் செபித்த இடம் அதுதான். முதலாம் கியரில் ஒவ்வொரு சில்லாக இறக்கினேன். பின்பக்கம் மெல்லத் தாழ்ந்து, ஒரு மூச்சு எடுத்து, மெல்ல எழும்பியது.

“எப்பிடி மச்சான்?” என்று கேட்டேன்.

“பேசாமல் ஓடுங்கோ,” என்றார். கொஞ்சம் கழித்து, “மீனோடை கரைக்கு வாற வள்ளம் மாதிரி இருக்கு,” என்றார்.

8.48க்குக் கோயில் வாசல். ஒரு மணியும் எட்டு நிமிடமும். மாப்பிள்ளை வீட்டார் வரவேற்க வந்து, காற்றோடு வந்த வலை மணத்துக்குச் சற்றுப் பின்வாங்கினார்கள். பிலிப்பு மட்டும் பின்பெட்டிவரை வந்து எட்டிப் பார்த்தார்.

“நேற்றுத் தண்ணி, இண்டைக்கு வலை. சீதனமோ? என்ரை மகன் வயலிலை வலை வீசிறதோ?”

“கட்டுக்கரையிலை வீசட்டும்,” என்றார் சூசை உள்ளேயிருந்து. “நெல்லு விளையாத வருசம் மீனாவது தின்னுங்கோ.”

பிலிப்பு சிரித்த சிரிப்பில் பாதிரியார் வெளியே வந்து பார்த்தார்.

இதே பயணத்தைத் திட்டமிடுகிறவர்களுக்கு நடைமுறைக் குறிப்புகள். முதலில் ரயர் காற்றைப் பாருங்கள். வெறும் வண்டிக்கு முப்பத்தெட்டு, அரைத் தொன்னோடு நாற்பத்தைந்து, உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை ரயர் கடையில் கேளுங்கள். பெட்டியில் ‘பாரவேலைக்கு உகந்தது’ என்று எழுதியிருக்கும் எதையும் சுகத்துக்காக வாங்காதீர்கள். என்னிடம் அப்படி இரண்டு இருக்கின்றன, 38,000 ரூபா, கதவுக்கு நன்றாக முட்டுக் கொடுக்கின்றன. பாரத்தை அச்சுக்கு முன்னால் வையுங்கள், கட்டுங்கள், பிரேக்குக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தூரம் விடுங்கள். மணல் வேண்டாம். ஐஸ் என்றால் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிடாதீர்கள். தகடு கழற்றுவதுதான் முறையான வைத்தியம், உங்கள் வண்டியென்றால் கழற்றுங்கள். வேறொருவருடைய வண்டியென்றால், அவர் அதை ஏன் பூட்டினார் என்று முதலில் கேளுங்கள். பாலத்தைக் காலை எட்டரைக்கு முன் கடந்துவிடுங்கள், ஆவணியில் அதற்குப் பிறகு காற்று கூடும். கழுதைகளுக்கு ஹோர்ன் அடிப்பதால் பயனில்லை.

திரும்பிய பயணத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, அதுவே அதைப் பற்றிய மிகச் சிறந்த விபரம். அதற்குப் பிறகு நடந்ததை ரெஜினாக்கா போனில் சொன்னார். திங்கட்கிழமை வலையை இறக்க வந்த இருவரும் எங்கே இறக்குவது என்று கேட்டார்கள். சூசை முற்றத்தைக் காட்டவில்லை. வண்டியைக் கடற்கரைக்கு விடச் சொல்லி, நேரே வள்ளத்தில் இறக்க வைத்தார். அவர் இன்னும் கடலில் இறங்கவில்லை. செங்கல் வைத்த கதிரை இப்போது கடற்கரையில் இருக்கிறது, சத்தம் அங்கிருந்து வருகிறது. தகடு நாலும் அப்படியே இருக்கின்றன. வலை இறங்கியதும் பிக்கப் பழையபடி குதிக்கத் தொடங்கிவிட்டது. யாரும் அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

கணக்கை முடித்துவிடுகிறேன். சனிக்கிழமைக்குரிய எண்ணிக்கை பூச்சியம் அல்ல, ஒன்று. கோயில் வாசலில் சூசையின் பக்கக் கதவைத் திறந்தோம். அவர் காலை வெளியே எடுத்து, நாலு கால் ஊன்றியைப் பிடித்து, ஒரு கையை விட்டுப் பார்த்து, நேராக நின்றார். ஜெனிற்றா காரிலிருந்து இறங்கி, வெள்ளைச் சேலையின் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு புழுதிக்குள்ளாலே வந்து, விட்ட அந்தக் கைக்குள் தன் கையை வைத்தாள். அப்போதுதான் அவர் “யேசுவே” என்றார், மெதுவாக, ஒரே தடவை. எஞ்சின் நிறுத்தியிருந்தது. கைப்பிரேக் போட்டிருந்தது. வீதி சமதளம்.

பின்சீற்றிலிருந்து அருள் கையை நீட்டி, ஒரு கச்சானை எடுத்து வலப்பக்கக் குழியில் போட்டாள்.